ஐந்து ஷாமன், ஒரே ஆள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில், இரு அணிகள் மோதும் பேட்டில்கிரவுண்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது எதிரணியின் பெயர்ப் பட்டியலை. ஒரே பெயர், வால் மட்டும் மாறி, அடுத்தடுத்து ஐந்து முறை வருகிறதா? ஐந்தும் மின்னல் விடும் ஷாமன் வகையா? அப்படியென்றால் வந்திருப்பது ஐந்து பேர் இல்லை. ஒருவர்தான். ஐந்து அக்கவுண்ட், ஐந்து விண்டோ, ஒரு நாற்காலி. மல்டிபாக்ஸர்.

பட்டியலைப் பார்க்காதவர்கள் செத்த பிறகு தெரிந்துகொள்வார்கள். ஒரு மின்னல் என்றால் தாங்கலாம். ஐந்து மின்னல் ஒரே நொடியில் ஒரே ஆள்மேல் இறங்கினால் காயம் ஆற்றும் ஹீலர் விரலை எடுப்பதற்குள் கதை முடிந்திருக்கும். செயின் லைட்னிங் வேறு பக்கத்தில் நிற்பவர்மேலும் தாவும் என்பதால் உதவிக்கு ஓடி வந்தவருக்கும் பங்கு உண்டு. உடனே சாட்டில் 'ஹேக்', 'பாட்' என்று வசை பறக்கும். இரண்டும் தவறு. பாட் என்பது ஆளே இல்லாமல் ஓடும் நிரல். இங்கே ஆள் இருக்கிறார். அவர் அழுத்தும் ஒரு விசையை ஐஎஸ்பாக்ஸர் போன்ற ஒரு மென்பொருள் ஐந்து விண்டோவுக்கும் பிரதி எடுத்து அனுப்பியது. நான் பேசுவது அந்தக் காலத்தைப் பற்றி. இப்போது நிலைமை வேறு, அதற்கும் வருகிறேன்.

கோபத்தோடு இதை எழுதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலரை ஒருவராக ஆட்டுவிப்பவரை நான் முதன்முதலாகப் பார்த்தது பினாங்கின் பட்டர்வொர்த்தில், ராக்னராக் ஆன்லைன் விளையாட்டின் மலேசிய சர்வர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில். இரவு பகலாகத் திறந்திருந்த ஒரு சிசி, அதாவது காசு கட்டிக் கணினியில் ஆடும் கடை. பாயான் லெபாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த ஓர் அண்ணன், நைட் ஷிஃப்ட் முடித்து, பாலம் தாண்டி நேரே அங்கே வருவார். காலை நேரத்தில் அவருடைய பார்ட்டிக்காரர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்திலோ வேலையிலோ இருப்பார்கள். இவர் கடை முதலாளி தவுக்கேயிடம் இரண்டு இருக்கைக்குக் காசு கட்டுவார். இடது கணினியில் நைட் என்ற வாள்வீரன், வலது கணினியில் ப்ரீஸ்ட் என்ற பூசாரி. இடது கை வெட்டும், வலது கை பிளெஸ்ஸிங் போடும், அடிபட்டால் ஹீல் போடும். "ஏன்ணே, கூட்டாளி யாரும் இல்லையா?" என்று கேட்டால், "இருக்கானே, இந்தா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான்" என்று வலது பக்கத்துத் திரையைக் காட்டுவார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று அந்தக் கடையில் யாரும் நினைத்ததில்லை. இரண்டு இருக்கைக்குப் பணம், இரண்டு கைக்கும் வேலை. ஷிஃப்ட் வேலை பார்ப்பவனின் கடிகாரமும் ஊரார் கடிகாரமும் ஒத்துப்போகாதபோது, கூட்டமாக ஆட வேண்டிய விளையாட்டை வேறு எப்படி ஆடுவது? பினாங்கில் மல்டிபாக்ஸிங்கை இப்படித்தான் பலர் தொடங்கினார்கள் என்று எனக்குத் தோன்றும். பெரிய வஞ்சம் எதுவும் இல்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த அண்ணன் என்னை அடிக்கவில்லை. ஐந்து ஷாமன்காரர் அடிக்கிறார். அடிப்பவரைத் திருப்பி அடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

அவருடைய பலம் என்ன என்று முதலில் பார்ப்போம். ஐந்து தனி மனிதர்கள் ஒரே இலக்கை ஒரே கணத்தில் அடிக்க வேண்டுமென்றால் ஒருவர் கூவ வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், தேட வேண்டும், திரும்ப வேண்டும். நல்ல அணிக்கே இதற்கு ஓரிரு நொடி பிடிக்கும். மல்டிபாக்ஸருக்கு அந்தத் தாமதம் கிடையாது. தலைவன் யாரைக் குறிவைக்கிறானோ மற்ற நால்வரும் அவனையே குறிவைக்க மேக்ரோ என்ற ஒரு கட்டளைத் தொகுப்பு, தலைவன் பின்னாலேயே நடக்க ஒரு ஃபாலோ கட்டளை. இந்த இரண்டும்தான் அடித்தளம். மற்றதெல்லாம் அலங்காரம்.

இங்கே எனக்கு நம்முடைய அவதானக் கலை நினைவுக்கு வரும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே அமர்வில் நூறு செயல்களைக் கவனித்துக் காட்டியவர். அவதான மேடையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார், இன்னொருவர் கணக்குக் கேட்பார். எத்தனை மணி, எத்தனை கல், என்ன விடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். மல்டிபாக்ஸர் செய்வது இதற்கு நேர் எதிர். ஐந்து உடம்பு இருந்தாலும் அவர் சொல்வது ஒரே பதில், ஐந்து முறை. அவரைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அவரை அவதானியாக மாறும்படி நெருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டுவிட்டால் போதும். பெரும்பாலானவர்களிடம் இரண்டாவது பதில் இருக்காது.

நடைமுறையில் முதல் வேலை அந்த ஐவரையும் ஒரே புள்ளியிலிருந்து கலைப்பது. ப்ரீஸ்டின் பயமுறுத்தும் கூச்சல், ஷாமனின் தண்டர்ஸ்டார்ம், ட்ரூயிடின் டைஃபூன் என்று கூட்டத்தைச் சிதறடிக்கும் எதுவும் உதவும். தண்டர்ஸ்டார்மும் டைஃபூனும் 2008இல் வந்தவை. வந்ததிலிருந்தே மல்டிபாக்ஸர்களுக்கு வயிற்றெரிச்சல். 'ஆனால் ஷாமனிடம் ட்ரெமர் டோட்டம் என்ற மந்திரக் கம்பம் இருக்கிறதே, பயத்தை அது எடுத்துவிடுமே' என்று கேட்பீர்கள். எடுத்துவிடும், ஐந்து டோட்டம் இருந்தால் விரைவாகவே எடுத்துவிடும். ஆனால் எடுத்த பிறகு ஐவரும் ஐந்து திசையைப் பார்த்து நிற்பார்கள். இந்த விளையாட்டில் எதிரியை நோக்கி முகம் இருந்தால்தான் மின்னல் போகும். தலைவன் உங்களைப் பார்த்திருப்பான், இரண்டாமவன் ஆலையைப் பார்த்திருப்பான், மூன்றாமவன் வானத்தைப் பார்த்திருப்பான். விசையை அழுத்தினால் ஒரு மின்னல் வரும், நான்கு விண்டோவில் 'இலக்கு உன் முன்னால் இல்லை' என்று சிவப்பு எழுத்து வரும்.

கைதேர்ந்தவர்களிடம் இதற்கு மருந்து உண்டு. இலக்கை நோக்கித் தானாகத் திரும்பி ஓடும்படி ஒரு விசையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்த விசையை அவர்கள் அழுத்தும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். அதற்குள் ஒருவனைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். டெத் நைட்டின் டெத் க்ரிப் இதற்கென்றே செய்தது போல இருக்கும். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவனை மட்டும் இழுத்தால், மற்ற நால்வருக்கும் உங்களைப் பார்க்க வழியில்லை. நால்வரைச் சுற்றிக் கொண்டுவந்தால் இழுபட்டவன் சாவான். இழுபட்டவனைக் காப்பாற்றப் போனால் நால்வரும் சும்மா நிற்பார்கள். நான் சொன்ன இரண்டு கேள்வி இதுதான்.

யார் தலைவன் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. கூட்டம் வளையும்போது முதலில் வளைபவன் அவன். மற்றவர்கள் ஒரு இமைப்பொழுது தாமதமாக, தாய் வாத்துக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி, அவன் மிதித்த தடத்திலேயே வருவார்கள். நான் பார்த்ததில் மிக அழகான ஆட்டம் ஆராத்தி பேசின் என்ற பேட்டில்கிரவுண்டின் லம்பர் மில்லில் நடந்தது. அது ஒரு மலைமுகடு, ஓரத்தில் நேர்ச்சரிவு. எங்கள் கில்டு என்ற ஆட்டக் குழுவின் ப்ரீஸ்ட் ஒருவர் தலைவனை மைண்ட் கண்ட்ரோல் செய்து விளிம்புவரை நடத்திக் கீழே தள்ளிவிட்டார். மேலே நால்வர், யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல், கை கட்டி நின்றார்கள். வாய்ஸ் சாட்டில் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. அனுபவசாலியாக இருந்திருந்தால் தலைமையை இன்னொருவனுக்கு மாற்றும் விசை வைத்திருப்பார். அவர் வைத்திருக்கவில்லை.

செய்யக்கூடாததையும் சொல்ல வேண்டும். மந்திரத்தைத் தடுக்கும் இன்டரப்டை நம்பாதீர்கள். ஒருவனுடையதை நிறுத்தினால் மற்ற நான்கும் வந்து சேரும். அதோடு நாம் பினாங்கில் இருக்கிறோம். 2014இல் ஓஷியானிக் சர்வர்கள் சிட்னிக்கு வந்தபோது லேக், அதாவது இணையத் தாமதம், குறைந்தது என்றாலும், ஒன்றரை நொடியில் நடப்பதற்கு எதிர்வினை காட்டும் போட்டியில் சிட்னிக்காரனோடு நாம் ஓட முடியாது. தரையில் விரிக்கிற மாதிரியான மந்திரங்கள்தான் நமக்குத் தோது. ட்ரூயிடின் சோலார் பீம் 2010இல் வந்தது. அந்த ஒளித்தூணுக்குள் நிற்கிறவர் எவரும் வாய் திறக்க முடியாது. ஒரே புள்ளியில் குவிந்து நிற்பவர்களுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. ஃபாலோவில் வருபவர்கள் குவிந்துதான் நிற்பார்கள். மேஜின் ரிங் ஆஃப் ஃப்ராஸ்ட்டும் அதே வகை. வேகத்தில் தோற்பவன் இடத்தில் ஜெயிக்கலாம்.

ஆனாலும் நான் சொல்வதில் பெரிய விஷயம் இவை எதுவும் இல்லை. போகாமல் இருப்பதுதான்.

ஆராத்தி பேசினில் ஐந்து தளங்கள், அணிக்கு 15 பேர். மல்டிபாக்ஸரின் ஐவர் ஒரு தளத்தில்தான் இருக்க முடியும். அவர்களைப் பிரித்து வைத்தால் அவருடைய பலமே போய்விடும். ஆகவே எதிரணி உண்மையில் 10 பேரும் ஒரு பெரிய பாறையும். அந்தப் பாறையை எங்களில் ஒரே ஒருவர் தூரத்தில் நின்று கல்லெறிந்து, கொடியைத் தொட்டு, ஓடி, மறுபடி வந்து உரசிக்கொண்டிருந்தால், மீதி 14 பேர் அந்த 10 பேரோடு மோதலாம். நான்கு தளம் நம்முடையது. பாறை பிளாக்ஸ்மித் என்ற தளத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

கணக்கு இவ்வளவு எளிது. மனசுதான் கேட்காது. ஒருமுறை ஐந்து மின்னலில் செத்தவன் அடுத்த நிமிடமே பழிவாங்க அங்கேயே ஓடுவான், அவன் செத்ததைப் பார்த்த நண்பனும் ஓடுவான். எங்கள் வாய்ஸ் சாட்டில் இந்தப் பேச்சு நடக்காத வாரமே இல்லை:

"அண்ணே, நான் திரும்ப பிளாக்ஸ்மித் போறேன். அவன விடமாட்டேன்."

"போவாதடா. அவன் அங்கயே இருக்கட்டும். நீ மைனுக்குப் போ."

"மானம் போவுது லா!"

"மானத்துக்குப் பாயிண்ட் குடுக்க மாட்டான். மைனுக்குக் குடுப்பான். போ."

மல்டிபாக்ஸரின் உண்மையான ஆயுதம் செயின் லைட்னிங் இல்லை, எதிரணிக்கு வரும் இந்த ரோஷம் என்றே சொல்வேன். 15 பேரையும் தன்னை நோக்கி இழுத்துக்கொள்ளும் வரைதான் அவர் ராஜா.

விளையாட்டைச் செய்பவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால், ஆகச் சிறந்த விடை வேறொரு விளையாட்டில் இருக்கிறது. டோட்டா. வார்கிராஃப்ட் 3இன் ஒரு மேப்பாகப் பிறந்த இந்த ஆட்டம் இங்கே சிசிக்களை ஆண்ட காலம் ஒன்று உண்டு. 2013இல் மலேசியாவின் ஆரஞ்ச் அணி, மூஷியின் தலைமையில், தி இன்டர்நேஷனல் என்ற உலகப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தபோது பினாங்கு கொம்தார் பக்கம் கணினிக் கடைகளில்கூட அதே பேச்சாக இருந்தது. அந்த டோட்டாவில் மீப்போ என்று ஒரு ஹீரோ. தன்னைப் போலவே பல உடம்புகளாகப் பெருகுவான், ஒவ்வொரு உடம்பையும் ஆடுபவரே தனித்தனியாக நடத்த வேண்டும். விதி அனுமதித்த மல்டிபாக்ஸர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த ஒரு மீப்போ செத்தாலும் எல்லா மீப்போவும் சாவான்.

அந்த ஒரு வரி எல்லாவற்றையும் நேராக்கிவிடுகிறது. ஐந்து ஷாமன்காரருக்கு ஒருவன் செத்தால் ஐந்தில் ஒன்று நஷ்டம். மீப்போக்காரருக்கு முழு நஷ்டம். எத்தனை உடம்போ அத்தனை பலவீனம். போதாக்குறைக்கு எர்த்ஷேக்கரின் எக்கோ ஸ்லாம், சுற்றி எத்தனை எதிரி உடம்பு இருக்கிறதோ அத்தனை எதிரொலியாகத் திரும்பி அடிக்கும். எண்ணிக்கையே அடியாக மாறும். விண்டர் வைவர்னின் சாபமோ ஒருவனை உறைய வைத்து, பக்கத்தில் நிற்கும் அவன் கூட்டாளிகளையே அவனை அடிக்க வைக்கும். மீப்போவின்மேல் அது விழுந்தால், தன்னைத் தானே அடித்துச் சாகும் காட்சியைக் காணலாம். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மீப்போவை எடுத்து ஜெயித்தால் அவருக்குக் கை தட்டத்தான் தோன்றும். அவர் அவதானி. ஒவ்வொரு உடம்புக்கும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்.

பெரிய ஆன்லைன் உலகங்களில் இப்படிப் பொது மரணம் வைக்க முடியாது. அங்கே விதி போட்டுத்தான் தடுத்தார்கள், அதுவும் மெதுவாக. வார்கிராஃப்டைச் செய்யும் ப்ளிசார்ட் 2013இல் பேட்டில்கிரவுண்டுக்குள் ஃபாலோ கட்டளையை நிறுத்தியது. பாட்களையும் சேர்த்துக் குறிவைத்த நடவடிக்கை அது. மல்டிபாக்ஸரின் இரண்டு கால்களில் ஒன்று போனது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம், 2003இலிருந்து ஒரே பிரபஞ்சமாக ஓடும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், ஒரு விசையைப் பல கிளையண்டுக்கு அனுப்புவதை 2015 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதுவரை ஒரே ஆள் ஒரு படைப்பிரிவு அளவுக்கு ஸ்டெல்த் பாம்பர் என்ற குண்டுவீச்சுக் கப்பல்களை ஓட்டி, எல்லாக் குண்டுகளையும் ஒரே அழுத்தில் விடுவது அங்கே சாதாரணம். 2016இல் இலவச அக்கவுண்ட்களை அறிமுகப்படுத்தியபோதே, அவற்றை வேறு அக்கவுண்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் திறக்க முடியாது என்று கதவைச் சாத்தினார்கள். ப்ளிசார்ட் அதே விசைத் தடைக்கு வந்தது 2020 நவம்பரில், வார்கிராஃப்டின் ஷேடோலேண்ட்ஸ் விரிவாக்கம் வெளிவரப்போகும் வாரங்களில்.

இரண்டு நிறுவனமும் எதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பல அக்கவுண்ட் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. பல விண்டோ திறப்பதையும் தடுக்கவில்லை. ஒரு விசை பல உடம்பை அசைப்பதை மட்டும்தான் தடுத்தார்கள். கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம். பட்டர்வொர்த் அண்ணன் இன்றும் தன் இடது கையால் நைட்டையும் வலது கையால் ப்ரீஸ்ட்டையும் ஓட்டலாம். ஐந்து ஷாமன்காரர் ஐந்து விண்டோவையும் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். சொடுக்கட்டும். அந்த வேகத்தோடு மோத நமக்கும் முடியும்.

கண்டுபிடிப்பதும் இந்தக் கோட்டில் எளிது. மனிதக் கை ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரம் எடுக்கும், அந்த நேரமும் ஒவ்வொரு முறையும் கூடிக் குறையும். ஐந்து அக்கவுண்டிலிருந்து ஒரே கட்டளை சில மில்லிநொடிக்குள் வந்து சேர்வது, அதுவும் மணிக்கணக்காக அப்படியே வருவது, விரலால் ஆகிற காரியமில்லை.

ஆனால் இந்த உழைப்பு வேண்டாம் என்று குறுக்குவழி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஐபி முகவரிக்கு ஒரு அக்கவுண்ட் என்று விதி போட்டுவிடுவார்கள். இதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெலுத்தோங்கில் என் அக்காவின் பிளாட்டில் பிள்ளைகள் மூன்று பேர், இணையத் தொடர்பு ஒன்று. மூவரும் ஒரே கைப்பேசி விளையாட்டை, அதன் பெயர் இங்கே வேண்டாம், ஆளுக்கொரு போனில் ஆடினார்கள். ஒருநாள் பெரியவன் கூப்பிட்டான்:

"மாமா, எங்க மூனு பேரையும் ஒரே ஆள்னு சொல்லி அக்கவுண்ட மூடிட்டாங்க."

"மேல்முறையீடு போட்டியா?"

"போட்டேன். அதே கடிதம் திரும்ப வந்துச்சு."

அந்த மூவரும் ஒரே ஆளாம். யார் ஹீலர் ஆவது என்று தினமும் அடித்துக்கொள்கிறவர்கள்! அவர்கள் விசைகளின் நேரத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால், ஒருவன் குகைக்குள் போக, இன்னொருத்தி கடையில் தொப்பி பார்க்க, மூன்றாமவன் சாப்பிடப் போயிருந்தது தெரிந்திருக்கும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. சிசிக்கும் அதே கதி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே முகவரி. கைப்பேசி நிறுவனங்கள் முகவரிப் பற்றாக்குறையால் எண்ணற்ற வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதும் உண்டு. இந்த விதியில் மாட்டுவது கூட்டுக் குடும்பமும் சிசிப் பிள்ளைகளும்தான். பணம் உள்ள மல்டிபாக்ஸர் ஆளுக்கொரு முகவரி காட்டும் விபிஎன் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

சந்தைப் பக்கத்தையும் தொட்டுவிடுகிறேன், இதுதான் சண்டையைவிட அதிகம் பேரைச் சுட்டது. 2016இல் வார்கிராஃப்டின் லீஜன் விரிவாக்கம் வந்தபோது, ஒரு மூலிகைச் செடியை ஒருவர் பறித்தாலும் அடுத்தவருக்கும் அது இருக்கும்படி மாற்றினார்கள். ஒரே செடிக்கு அடித்துக்கொள்ள வேண்டாம் என்ற நல்லெண்ணம். ட்ரூயிடோ பறவை வடிவத்திலேயே செடி பறிக்கக்கூடியவன். பத்து ட்ரூயிடை ஒரு கூட்டமாக ஓட்டுபவருக்கு ஒரு செடி பத்துச் செடியானது. ஏலக்கடையில் மூலிகை விலை தரைக்கு வந்தது. ஒற்றை ஆளாகப் பறித்து மாதச் சந்தாவுக்குச் சேர்த்துக்கொண்டிருந்த எங்கள் கில்டுப் பையன்கள் கையைப் பிசைந்தார்கள். வெள்ளி செலவழிக்காமல் ஆட வேண்டும் என்று இருப்பவனுக்கு அது சின்ன அடி இல்லை.

இதற்கும் நான் சொன்ன யோசனை ஆராத்தி யோசனைதான்: பாறையோடு மோதாதே. பத்து உடம்பு எதையெல்லாம் யோசிக்காமல் ஒரே விசையில் செய்ய முடியுமோ, அதை நீ விற்காதே. மூலிகை அவரிடமே மலிவாக வாங்கு. வாங்கி மருந்தாகச் செய்து, ரெய்டு என்ற கூட்டுப் படையெடுப்பு தொடங்கும் மாலை நேரத்தில், சின்னச் சின்ன அடுக்காக விற்று வா. எந்த நேரம், எந்த அளவு, யாருக்கு என்று பார்ப்பதற்குக் கவனம் வேண்டும். அவரிடம் அளவாக இருப்பது அது ஒன்றுதானே. எங்களில் ஒரு தங்கை இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூலிகை விலை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு சந்தோஷமாக இருப்பாள். பறிப்பதையே விரும்பிய பையன்களுக்கு இது ஆறுதல் இல்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு வேண்டியது மலையோரம் தனியாகப் பறந்து செடி தேடும் சுகம், கடைக் கணக்கு இல்லை. இரண்டு பேர் விளையாட்டையே விட்டார்கள்.

தடை வந்த பிறகு ஒரு மல்டிபாக்ஸர் எங்கள் கில்டில் சேர விண்ணப்பித்தார். சிரம்பான் பக்கத்து ஆள், எங்களோடு தமிழில் பேசுபவர், நாங்கள் எதிரணியில் இருந்தபோது எங்களைப் பலமுறை கொன்றவர். விசைப் பிரதி மென்பொருளை விட்டாயிற்று, ஆனால் ஐந்து ஷாமன்களும் இருக்கிறார்கள். இப்போது இரண்டு இரண்டாகச் சொடுக்கி ஓட்டுகிறாராம். ரெய்டில் ஒரு ஷாமன் மட்டும், வெளியுலகில் எத்தனை வேண்டுமானாலும் என்று ஒத்துக்கொண்டோம். அதில் சண்டையில்லை. சண்டை வந்தது பொருள் பங்கீட்டில். வெளியே ஒரு பெரிய அசுரனைக் கூட்டமாகக் கொன்றால், கிடைக்கும் பொருளுக்கு ஆளுக்கொரு ரோல், அதாவது ஒரு பகடை உருட்டல். அவருடைய ஐவருக்கும் ஐந்து ரோலா?

"நான் அஞ்சு சந்தா கட்றேனே அண்ணே," என்றார்.

"கட்டுறது சந்தா தம்பி. அசுரன அடிச்சது எத்தன பேரு?"

"அஞ்சு பேரு!"

"நீ எத்தன பேரு?"

கில்டில் வாக்கெடுப்பு வைத்தோம். ஒரு ரோல் என்று முடிவானது. அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஐந்து ஷாமனில் எவனுக்கு அந்த ரோல் என்பதை மட்டும் அவரே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கேட்டார், கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்று இப்போதே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.